சைட்டா, ஆபீஸா? சிவில் மூன்றாம் ஆண்டு வேலைப் பயிற்சி, வெள்ளிக்குள் முடிவு சொல்லணும்

ஈசூன்வாசி
எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ஜனவரியில் 20 வார வேலைப் பயிற்சி தொடங்குகிறது. இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்லணும், சொன்னபிறகு மாற்ற எங்கள் பல்கலைக்கழகம் விடாது.

ஒன்று தஞ்சோங் பகாரில் கட்டட வடிவமைப்பு செய்யும் ஆலோசனை நிறுவனம். மாதம் 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திங்கள் முதல் வெள்ளிக்கிழமை வரை, ஏர்கான் ஆபீஸ், ரயிலை விட்டு இறங்கினால் வாசல். இன்னொன்று தெங்காவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசு அடுக்குமாடிப் புளோக்குகள் கட்டும் ஒப்பந்தக்காரர். மாதம் 850 வெள்ளி, காலை 8 மணிக்கு சைட்டில் நிற்கணும், சனிக்கிழமையும் உண்டு.

எனக்கு சைட்டுக்குப் போக ஆசை. போன வருடம் கான்கிரீட் வடிவமைப்புப் பாடத்தில் நல்ல மதிப்பெண்தான், ஆனால் இன்றுவரை ஒரு கம்பியைக் கையால் தொட்டதில்லை. 16 மில்லிமீட்டர் கம்பி எவ்வளவு கனம் என்று யாராவது கேட்டால் கணக்குப் போட்டுத்தான் சொல்வேன், தூக்கிப் பார்த்ததில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

வீட்டில் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் துவாஸில் கப்பல் பட்டறையில் 22 வருடம் வெல்டராக இருந்தவர். "நான் வெயில் தின்னது போதாதா, உன்னைப் படிக்க வைத்தது நீயும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கவா" என்று கேட்கிறார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், மெதுவாகக் கேட்டதால் வாயே திறக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பிக்கணக்கு
தம்பி, நான் சைட் இன்ஜினியர், 14 வருடம் ஆகிறது. நீ கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்.

என் பயிற்சி 2010-ல். மூன்றாவது வாரம் பீம் கம்பி சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். வரைபடம் கையில், டேப் இடுப்பில். தூணை ஒட்டி ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையக் கம்பி) 100 மில்லிமீட்டருக்கு ஒன்று, நடுவில் 200-க்கு ஒன்று. நான் நடுப்பகுதியில் நாலைந்து இடத்தில் அளந்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டிருந்தேன். கம்பி கட்டுகிற அண்ணன் ஒருவர், அறந்தாங்கிப் பக்கம், ஐம்பது வயசு இருக்கும், கையுறையைக் கழற்றிவிட்டு என்னைத் தூண் ஓரத்துக்குக் கூப்பிட்டார். உள்ளங்கையைக் கட்டைவிரலோடு சேர்த்து ரிங்குக்கு நடுவே வைத்துக் காட்டினார். அவர் கை சரியாக 100. "ஓரத்துல நெருக்கமா இருக்கணும் தம்பி, நடுவுல தளர்வா இருக்கலாம். பாரமெல்லாம் தூணுக்கு ஓடிவர்ற இடம் இது"ன்னு சொன்னார். வெட்டு விசை வரைபடத்தை நான் ஒரு வருடம் காகிதத்தில் வரைந்திருந்தேன், அவர் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அதோடு விடவில்லை. அடுத்த பீமில் குழாய் போவதற்கு விட்ட ஓட்டைக்காக இரண்டு ரிங்கை நகர்த்த வேண்டியிருந்ததாம், அந்த இடம் காலியாக இருந்தது. முந்தின நாளே ஃபோர்மேனிடம் கையைக் காட்டிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். "எனக்குச் சொல்லத் தமிழ் இருக்கு, அவங்களுக்குக் கேக்கத் தமிழ் இல்ல" என்றார். நான் போய் இன்ஜினியரிடம் சொன்னேன், அவர் வந்து பார்த்து ஓட்டையைச் சுற்றிக் கூடுதல் கம்பி போடச் சொன்னார். மறுநாள் கான்கிரீட். ஒருநாள் தாமதித்திருந்தால் அது உள்ளே போய் மூடியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

சிங்கப்பூரில் சைட்டில் நிற்கிற தமிழ் மாணவனுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி இது. புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர்கள் இருபது வருட அனுபவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அதைக் கேட்க உனக்குக் காது இருக்கிறது. வீட்டில் பேசுகிற மொழியை அங்கே போய்ப் பேசு, போதும்.

அப்பாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டால், அவர் பயம் நியாயமான பயம். 2004 ஏப்ரல் 20-ல் நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து நாலு பேர் இறந்தார்கள். வட்டப்பாதை ரயிலுக்காகத் தோண்டிய குழி. சுவரைத் தாங்கிய எஃகு முட்டுகள் போய்ச் சேருகிற இணைப்பில் பலம் போதவில்லை, கருவிகள் முன்கூட்டியே காட்டிய அளவீடுகளுக்குச் சரியான கவனம் கிடைக்கவில்லை என்று விசாரணையில் வந்தது. 2006-ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பயிற்சி மாணவனை முதல் மாதத்தில் அளவீடு குறிக்கத்தான் அனுப்புவார்கள், அவனும் சலித்துக்கொண்டே குறிப்பான். அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் 21 வயதில் வந்தால் நல்லது.

நான் சைட் என்பேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. யாருக்குக் கீழே வேலை, அவர் தினமும் சைட்டில் இருப்பாரா, இந்த இரண்டையும் கேட்டுவிட்டுச் சரி சொல்.

வெள்ளிக்கணக்கு
மேலே எழுதிய அண்ணனை மதிக்கிறேன், ஆனால் எல்லாருக்கும் அறந்தாங்கி அண்ணன் கிடைப்பதில்லை.

நானும் சைட் பயிற்சி செய்தவன்தான், பெயர் வேண்டாம். 20 வாரத்தில் 14 வாரம் கன்டெய்னர் ஆபீஸில் உட்கார்ந்து கான்கிரீட் லாரி சீட்டுகளை எண்ணி எக்செலில் ஏற்றினேன். மீதி நாளில் பெர்மிட் படிவங்களுக்கு, அதாவது ஆபத்தான வேலையைத் தொடங்குமுன் வாங்குகிற அனுமதிக்கு, கையெழுத்து வாங்க மாடி மாடியாக ஏறினேன், ஒரு படிவத்தையும் எனக்கு யாரும் விளக்கவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியவர் இரண்டு சைட்டுக்குப் பொறுப்பு, என் முகத்தை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். கடைசியில் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது எழுத ஒன்றுமில்லை, இணையத்தில் படித்ததை வைத்து ஒப்பேற்றினேன். அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

காசுக் கணக்கையும் போட்டுவிடலாம். 850 வெள்ளி, வாரம் ஐந்தரை நாள், ஒரு நாளைக்கு 10 மணி நேரம் என்றால் மணிக்கு மூன்றரை வெள்ளிக்குச் சற்று மேல். ஆபீஸில் 1,200-ஐ ஐந்து நாள் எட்டரை மணி நேரத்துக்கு வகுத்தால் ஆறரை வருகிறது. பாடத்தின் பகுதியாகப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட பயிற்சிக்கு மத்திய சேமநிதி கிடையாது, வாங்குவதுதான் மொத்தமும். தெங்காவுக்கு ஈசூனிலிருந்து காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று பார்த்தாயா? தேசிய சேவை (கட்டாய ராணுவ சேவை) முடித்துவிட்டு வருகிற பையன்களுக்கு 23 வயது, வீட்டுக்கு ஏதாவது கொடுக்கணும் என்று நினைக்கிற வயது. 350 வெள்ளி வித்தியாசம் உனக்குச் சின்னதா பெரியதா என்று நீதான் சொல்லணும், அடுத்தவர் சொல்லக்கூடாது.

கற்றுக்கொடுக்கிறோம் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு ஆள் எடுப்பது நடக்கிறது. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கம்பிக்கணக்கு
ஒத்துக்கொள்கிறேன். உனக்கு நடந்தது தப்பு. இப்போது என்னிடம் ஆண்டுக்கு இரண்டு பேர் பயிற்சிக்கு வருகிறார்கள், லாரி சீட்டு அவர்களும் எண்ணுகிறார்கள், ஆனால் சீட்டில் கலவை தயாரான நேரமும் லாரி சைட்டுக்கு வந்த நேரமும் இருக்கிறதே, அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்று முதல் நாளே நிறுத்திச் சொல்லிவிடுவேன். சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது. உனக்கு அந்த ஐந்து நிமிடத்தை யாரும் தரவில்லை.

உட்லண்ட்ஸ் அக்கா
நான் மின்னணுவியல், சிவில் பற்றித் தெரியாது. ஆனாலும் இதே கதைதான் என்பதால் எழுதுகிறேன்.

என் பயிற்சி வடக்கில் ஒரு சிப் தயாரிக்கும் ஆலையில். பேர் சொன்னால் ஊருக்கே தெரியும், அம்மா தேக்கா சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். முதல் எட்டு வாரம் நான் ஆலைக்குள்ளேயே போகவில்லை, மேலே மாடியில் உட்கார்ந்து எந்த இயந்திரத்தில் எத்தனை வேஃபர் (சிப் செய்கிற சிலிக்கான் தட்டு) கெட்டது என்று வரைபடம் போட்டேன். வரைபடத்தில் ஒரு இயந்திரம் மட்டும் வியாழன் இரவுகளில் மோசமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, கேட்டவளும் பயிற்சி மாணவிதானே என்று விட்டுவிட்டார்கள்.

நான் மேலாளரிடம் ஒரு வாரம் இரவு ஷிப்டுக்குப் போகிறேன் என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம், சரி என்றார். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே, வேஃபர்மேல் ஒளியால் வடிவம் பதிக்கிற பகுதியில் எல்லாம் மஞ்சள் வெளிச்சம், சாதாரண வெளிச்சம் பட்டால் அதன்மேல் தடவிய பூச்சு கெட்டுவிடும். அங்கே டெக்னீஷியன் ஒருவர், ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிறவர், மலேசியத் தமிழர். கண்ணை மட்டும் பார்த்து நான் தமிழா என்று கேட்டார். அவர்தான் அந்த இயந்திரத்துக்குள் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குகிற பம்பின் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். வியாழன் இரவு பராமரிப்பு முடிந்து பம்பைத் திரும்ப ஓட விடும்போது உள்ளே அழுத்தம் முழுசாக இறங்குவதற்குள் முதல் தொகுதியை ஏற்றிவிடுகிறார்கள் என்று அவருக்கு ஆறு மாதமாகத் தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை. என் இறுதி அறிக்கை அதைப் பற்றித்தான், அவர் பங்கை முதல் பக்கத்திலேயே எழுதினேன், அதில் பிடிவாதமாக இருந்தேன்.

அதனால் ஈசூன் தம்பிக்கு: எந்த இடமாக இருந்தாலும் பொருளைத் தொடுகிற மனிதர் ஒருவரைத் தேடிப் பிடி. ஆபீஸுக்கே போனாலும் வாரம் ஒருநாள் சைட்டுக்கு விடுவார்களா என்று இப்போதே கேள், சேர்ந்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

செங்காங் அம்மா
பிள்ளைகளே, நான் இன்ஜினியர் இல்லை. என் மகள் போன ஆண்டு சைட்டில் பயிற்சி செய்தாள், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பெண்பிள்ளைகள் சைட்டுக்குப் போகிறார்கள் என்றால் முதலில் கேட்க வேண்டியது கழிவறை எங்கே என்று. சிரிக்காதீர்கள். அவள் போன இடத்தில் பெண்களுக்கென்று ஒன்று இருந்தது, ஆனால் சைட்டின் மறுகோடியில், பாதி நாள் பூட்டு. காலையில் தண்ணீர் குடிக்காமல் போகப் பழகிவிட்டாள், இரண்டாவது மாதம் சிறுநீர்த் தொற்று வந்து பாலிகிளினிக்கில் உட்கார்ந்தோம். இந்த ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்பது எவ்வளவு ஆபத்து. பிறகுதான் அவள் வாயைத் திறந்து சொன்னாள், சொன்ன மறுநாள் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு சாவி, அவ்வளவுதான் விஷயம். கேட்க அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது, ஏனென்றால் இதற்கெல்லாம் குறை சொன்னால் சைட்டுக்கு லாயக்கில்லை என்று நினைப்பார்களோ என்ற பயம்.

பூட்ஸும் அப்படித்தான். நிறுவனம் கொடுத்தது ஆண்கள் அளவு, இரண்டு சாக்ஸ் போட்டும் உள்ளே கால் ஆடியது. படியில் கால் ஆடினால் என்னாகும் என்று அவர்களுக்குத் தெரியாதா? நாங்கள் சரியான அளவில் வெளியே வாங்கினோம், ரசீதைக் கொடுத்தவுடன் பணம் தந்துவிட்டார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்லணும், அவள் படிப்பு முடித்ததும் சைட் வேலைக்கே விண்ணப்பித்தாள். இப்போது போகிறாள். ஈசூன் தம்பி, உங்கள் அப்பாவிடம் நான் பேசினதாகச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை
வணக்கம். நான் திருச்சியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. சிங்கப்பூரில் பயிற்சி செய்ய வழி இருக்கிறதா? இங்கே ஒரு ஏஜென்ட் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று ஒன்றரை லட்சம் கேட்கிறார். அப்பா நிலத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறார்.

பழைய ஜூரோங்
தம்பி, நிலத்தை வைக்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் படி.

இங்கேயே மாணவர் அனுமதியில் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் முழுநேரம் படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வேறு விதி. பாடம் நடக்கிற தவணைக் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வேலை செய்யலாம், விடுமுறையில் வரம்பு இல்லை, பட்டத்துக்கு மதிப்பலகு (கிரெடிட்) சேருகிற பயிற்சிக்குத் தனி வேலை அனுமதி வேண்டாம். உன்னைப் போல வெளியே படிக்கிறவர்களுக்குப் பயிற்சி வேலை அனுமதி என்று ஒன்று இருக்கிறது, அது 3 மாதம்தான், நீட்டிக்க முடியாது, பயிற்சி உன் பட்டப்படிப்பின் பகுதியாக இருக்கணும், விண்ணப்பிக்க வேண்டியது இங்கே உள்ள நிறுவனம். விடுமுறை வேலை அனுமதி என்று இன்னொன்று உண்டு, அதற்குத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. எந்த நிறுவனம், என்ன வேலை, யார் விண்ணப்பிக்கிறார்கள் என்று எழுத்தில் தராமல் பணம் கேட்டால் அங்கே வேலையே இல்லை என்று வைத்துக்கொள். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் எல்லா அனுமதி பற்றியும் இருக்கிறது, நீயே உட்கார்ந்து படி, அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

இனி ஈசூன் தம்பிக்கு. நான் படித்தது நன்யாங் தொழில்நுட்பக் கழகம், இப்போதைய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1981-ல் தொடங்கியபோதே தொழிற்சாலைக்குப் போய்ப் பழகுகிற பொறியாளர் வேண்டும் என்பதுதான் நோக்கம், வேலைப் பயிற்சி அப்போதிருந்தே பாடத்தில் உண்டு. 1991-ல் பல்கலைக்கழகம் ஆனபிறகும் அது போகவில்லை. இப்போது சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் 16 வாரம், சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை என்று ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் எட்டு மாதம்தான் சரி. முதல் இரண்டு மாதம் யார் யார் என்று தெரிவதற்கே போய்விடும், மூன்றாவது மாதம்தான் உன்னை நம்பி ஒன்றைக் கொடுப்பார்கள், 20 வாரத்தில் அந்தக் கட்டம் வரும்போது கிளம்பும் நேரம் வந்துவிடுகிறது.

காக்கி புக்கிட் ஏர்கான்
முதலாளி பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். எங்களுடையது சின்ன நிறுவனம், 18 பேர், பெரிய கட்டடங்களுக்கு ஏர்கான், பம்ப் வேலை. வருடத்துக்கு ஒரு மாணவர் எடுக்கிறோம்.

வெள்ளிக்கணக்கு தம்பி எழுதினதைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்க யோசித்தேன். என் இடத்திலும் அப்படி ஒரு பையனுக்கு நடந்திருக்கிறது, மூன்று வருடத்துக்கு முன்னால். எங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை முடிக்க வேண்டிய நெருக்கடி, அவனை ஸ்டோரில் பொருள் எண்ண விட்டுவிட்டோம். பல்கலைக்கழகத்திலிருந்து ஆசிரியர் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும் அவனை பம்ப் அறைக்கு அழைத்துப் போனேன். பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதன்பிறகு நான் மாற்றினது ஒன்றுதான். முடித்துக் காட்டக்கூடிய ஒரு வேலையை வருகிறவனுக்கு முதல் வாரமே, அவன் பெயரில், கொடுத்துவிடுகிறேன். போன வருடம் வந்த பெண்ணுக்கு ஒரு பழைய கட்டடத்தில் மேல்மாடி அறைகள் மட்டும் ஏன் குளிரவில்லை என்று கண்டுபிடிக்கிற வேலை. டெக்னீஷியனோடு மாடி மாடியாகப் போய் ஒவ்வொரு வால்விலும் ஏர்கானுக்குப் போகிற குளிர்ந்த தண்ணீர் ஓட்டத்தை அளந்தாள். கீழ்மாடிகளில் வால்வு முழுக்கத் திறந்து கிடந்தது, தண்ணீரெல்லாம் கீழேயே சுற்றிவிட்டு மேலே வருவது மிச்சம்தான். யாரோ எப்போதோ திறந்துவிட்டது. ஆறு வாரத்தில் முடித்தாள், கட்டட நிர்வாகத்திடம் அவளே போய் விளக்கினாள், நான் பின்னால் நின்றேன்.

தம்பி, நேர்காணலில் "நான் என்ன கற்றுக்கொள்வேன்" என்று கேட்காதே, எல்லாரும் அழகாகப் பதில் சொல்வார்கள். "போன முறை வந்த மாணவர் என்ன செய்து முடித்தார்" என்று கேள். பதில் வர நேரமானால் புரிந்துகொள்ளலாம்.

ஈசூன்வாசி
எல்லாருக்கும் நன்றி, நேரம் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு இரண்டு இடத்துக்கும் போன் போட்டேன்.

தஞ்சோங் பகாரில் போன மாணவர் என்ன செய்தார் என்று கேட்டதற்கு வரைபடங்களில் திருத்தம், கொஞ்சம் மாடலிங் என்றார்கள். சைட்டுக்கு விடுவீர்களா என்றதற்கு "அவசியம் இருந்தால்". தெங்காவில் போனை எடுத்தவர் சைட் இன்ஜினியர் அக்கா ஒருவர். போன மாணவர் பற்றிக் கேட்டதும் யோசிக்காமல், வேறு இடத்தில் வார்த்துக் கொண்டுவருகிற முன்தயாரிப்புச் சுவர்ப் பலகை இறங்கி உட்காரும்போது மட்டம் எவ்வளவு தவறுகிறது என்று நாற்பது பலகைக்கு அளந்து பட்டியல் போட்டான், அதை இன்னும் பயன்படுத்துகிறோம் என்றார். நீ எனக்குக் கீழேதான், நான் தினமும் சைட்டில் இருப்பேன் என்றும் சொன்னார். ஏழு மணிக்கு மேல் உன்னை நிறுத்திவைக்க மாட்டேன், சனிக்கிழமை மாற்று விடுப்பு உண்டு, எழுத்தில் தருகிறேன் என்றார். தந்தும்விட்டார்.

அப்பாவிடம் செங்காங் அம்மா எழுதினதைப் படித்துக் காட்டினேன். கழிவறைச் சாவி பற்றிய இடத்தில் போனை வாங்கி அவரே இன்னொரு தடவை படித்தார். அப்புறம் நிக்கல் நெடுஞ்சாலை பற்றிக் கேட்டார், அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்றைக்குப் பட்டறையில் எல்லாரும் வானொலியைச் சுற்றி நின்றார்களாம். கப்பல் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால் வாயு அளந்தவர் யார், கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்காமல் அவர் ஒருநாளும் இறங்கினதில்லை என்று சொன்னார். 22 வருடத்தில் இதை என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. சரி என்று வாயால் சொல்லவில்லை. "அங்கே பெர்மிட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்னு கேட்டியா" என்று மட்டும் கேட்டார்.

தெங்காவுக்குச் சரி சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கணக்கு
எழுத்தில் வாங்கினது நல்லது தம்பி. தினமும் ராத்திரி பத்து வரி குறிப்பு எழுதிவை, வாரக் கடைசியில் எழுதினால் பாதி போய்விடும். காயம் பட்டால் காப்புறுதி யார் பொறுப்பு என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்.

காவிரிக்கரை
பழைய ஜூரோங் ஐயா, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நிலம் அப்படியே இருக்கிறது. திருச்சியிலேயே கொதிகலன் பாகங்கள் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் கோடை விடுமுறைக்குக் கேட்டிருக்கிறேன். நன்றி ஐயா.

ஈசூன்வாசி
ஆறு வாரம் ஆகிறது, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வாரம் பாதுகாப்பு வகுப்பும் நடையும்தான். தினமும் காலை எட்டு மணிக்கு எல்லாரையும் நிற்க வைத்துப் பேசுவார்கள், ஆங்கிலத்தில் சொன்னதை ஒருவர் தமிழில் சொல்வார், இன்னொருவர் வங்காளத்தில். இரண்டாவது வாரம் தமிழில் சொல்கிறவர் ஊருக்குப் போய்விட்டார், அக்கா என்னைச் சொல்லச் சொன்னார். நான் "உயரமான இடங்களில் பணிபுரிவோர்" என்று ஆரம்பித்தேன், பள்ளிக்கூடத் தமிழ். முன்வரிசையில் நின்ற ஒரு அண்ணன், "தம்பி, பெல்ட்ட மாட்டாம மேல ஏறாதீங்கன்னு சொல்லுப்பா, போதும்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன்.

கான்கிரீட் கலவை எவ்வளவு இளகி இருக்கிறது என்று பார்க்கிற தளர்வுச் சோதனையை இப்போது நானே செய்கிறேன். 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பு, மூன்று அடுக்காக நிரப்பணும், ஒவ்வொரு அடுக்கையும் 25 தடவை குத்தணும், பிறகு கூம்பை நேராக மேலே தூக்கி, குவியல் எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கணும். தூக்கும்போது கை நடுங்கினால் குவியல் ஒரு பக்கம் சரிந்துவிடும், எண் பொய்யாகும். முதல் தடவை எனக்குச் சரிந்தது. லாரி ஓட்டுநர் சீனப் பெரியவர், எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கிறார், பின்னால் இன்னும் இரண்டு லாரி. அவசரப்பட்டு இருந்த எண்ணையே எழுதிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அக்கா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கூம்பைக் கழுவி மறுபடி நிரப்பினேன். பெரியவர் லாரி நிழலில் உட்கார்ந்து சிகரெட் எடுக்கப்போனார், பிறகு சைட் என்று ஞாபகம் வந்து பையிலேயே வைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை நேராக வந்தது.

16 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். 12 மீட்டர் நீளக் கம்பியைத் தோளில் வைத்து இரண்டு பேர் நடந்தால் நடுவில் வில்லாக வளைந்து ஆடும், அந்த ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி அடி வைக்கணும், இல்லாவிட்டால் தோள் வலிக்கும். இதைக் காட்டிக்கொடுத்தவர் திருவாரூர்க்காரர், அவரிடம் அறந்தாங்கி அண்ணன் கதையைச் சொன்னேன், அவரும் உடனே உள்ளங்கையை விரித்துக் கம்பிமேல் வைத்துப் பார்த்தார். அவர் கை 95.

சனிக்கிழமை தரைமாடிப் பீம்களுக்குக் கான்கிரீட், காலை ஆறரைக்கு முதல் லாரி. ஈசூனிலிருந்து அந்த நேரத்துக்கு ரயில் பிடித்துப் போய்ச் சேர முடியாது. அப்பா லாரி ஓட்டுகிற அவர் நண்பரிடம் பேசியிருக்கிறார், அவர் அந்தப் பக்கம்தான் போகிறாராம். நாலே முக்காலுக்கு எழுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு என் பூட்ஸை வாசலில் எடுத்துவைத்திருக்கிறார்.